கழுவிய கல்

ஒரு குற்றம் நடந்த இடத்தை என் குடும்பத்தின் கையில் அரை நாள் கொடுத்தால் போதும். போலீஸ் வருவதற்குள் ரத்தம், கைரேகை, காலடி எதுவும் மிஞ்சாது. சோப்பு வாசனை மட்டும் இருக்கும். பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். அந்தச் சோப்பு வாசனையால்தான் அம்மாவின் சான்றிதழ் பறிபோகப் பார்த்தது.

எங்களுடையது நீராவிச் சலவைக்கூடம். முன்னால் கூடம், பின்னால் பாய்லர் அறை, பக்கத்தில் ஒட்டினாற்போல் இரண்டு அறை வீடு. ஆஸ்பத்திரி, லாட்ஜ், பெண்கள் விடுதி, சலூன் என்று ஊரில் பாதிப் பேருடைய அழுக்கு எங்கள் வாசலில்தான் வந்து இறங்கும். யாருடைய பெயரும் எங்களுக்கு வேண்டியதில்லை. துணியின் ஓரத்தில் அழியாத மையில் போடுகிற குறிதான் பெயர். ஆஸ்பத்திரி பச்சைக் கோடு. சலூன்காரர் அம்பு. லாட்ஜ் மேனேஜர் நட்சத்திரம். விடுதி வார்டன் ரெட்டை முடிச்சு. தெருவில் போகும்போது அப்பா, "நட்சத்திரம் இளைச்சுப் போயிட்டாரு பாரு" என்பார். எங்களுக்கு அது சாதாரணப் பேச்சு.

அப்பா துணி எடுத்து வருவார், கொண்டுபோய்க் கொடுப்பார், இஸ்திரி உருளையில் நிற்பார். பாய்லர் அம்மாவுடையது. அரசாங்கச் சான்றிதழ் உள்ளவர் மட்டும்தான் பாய்லரைப் பற்றவைக்கலாம் என்பது சட்டம். அந்தச் சான்றிதழ் எங்கள் வீட்டில் அம்மாவிடம்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். நான் கல்லூரியில் படித்த காலத்தில் என் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவளுடைய பரீட்சைப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்பாள். முதல் தடவையிலேயே தேறினாள். கூடத்துச் சுவரில் அவளுடைய சான்றிதழும் என்னுடைய இயற்பியல் பட்டமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. இரண்டில் சோறு போடுவது அவளுடையது. என்னுடையது சுவரிலுள்ள விரிசலை மறைக்கிறது.

எங்கள் வம்சத்திலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கி என்ன செய்கிறேன் என்றால், ஒரு கூரியர் கம்பெனியில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "உங்க பார்சல் வந்துக்கிட்டே இருக்கு சார்" என்று நாள் முழுக்கப் பொய் சொல்கிறேன்.

அந்த வாரம் டிவியைப் போட்டால் ஒரே பேச்சுதான். விளையாட்டு மைதானம் அளவுள்ள சிறுகோள் ஒன்று வெள்ளிக்கிழமை பூமிக்குப் பக்கத்தில் கடந்து போகும், ஆபத்து ஏதும் இல்லை என்று விஞ்ஞானிகள் தலைகீழாக நின்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆபத்தில்லை என்றால் யார் கேட்பார்கள்? என் ஆபீசில் ஒருத்தி, உலகம் அழிந்தால் சனிக்கிழமை ஷிஃப்ட் உண்டா என்று மேனேஜரிடம் கேட்டாள். உண்டு என்றார் அவர். எல்லாரும் அந்தப் பெரியதையே பார்த்துக்கொண்டிருந்தபோது, யார் கண்ணிலும் படாத சின்னது ஒன்று செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் கூரையைப் பொத்துக்கொண்டு இறங்கியது.

நான் ஆபீசில் இருந்தேன். காதில் ஹெட்செட், வாடிக்கையாளர் திட்டுவதைத் தவிர வேறெதுவும் கேட்காது. அப்பா சொன்னதைத்தான் சொல்ல முடியும். அவர் வாசலில் வண்டியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வானத்தில் வெடி வெடித்த மாதிரி பெரிய சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கூரைத் தகடு கிழிகிற சத்தம், இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம், அதன்பின் கூடம் முழுக்க வெள்ளை வெளேரென்று நீராவி. உருளைக்கு மேலே போகிற நீராவிக் குழாய் முழங்கை மாதிரி வளைகிற இடத்தில் உடைந்து சீறிக்கொண்டிருந்தது. அவர் அந்த உருளையில் நின்றிருக்கவேண்டிய நேரம் அது. அம்மா பாய்லர் அறையிலிருந்தே பெரிய வால்வை மூடினாள், தீயை அணைத்தாள், அப்புறம்தான் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

நீராவி அடங்கியதும் பார்த்தால், பச்சைக் கோட்டின் வெள்ளை விரிப்புகள் அடுக்கியிருந்த தள்ளுவண்டியில் கருப்பாக ஒரு கல். இரண்டு கையிலும் அள்ளிப் பிடிக்கிற அளவு, ஒரு பக்கம் உடைந்திருந்தது. மேலிருந்த விரிப்புகளைக் கிழித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்திருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கதவைப் பூட்டிவிட்டு எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்?

அப்பா கூரைமேல் ஏறினார். மழை வந்தால் துணி நனையுமே என்று கிழிந்த தகட்டைச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்தி, மேலே புதுத் தகடு வைத்து அடித்தார். உடைந்த குழாயைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, புதுக் குழாய் வாங்கி மாட்டினார். அந்தப் பழைய குழாய் அன்றைக்கே லாரியேறி எங்கோ உருகப் போய்விட்டது. அம்மா கரி பட்ட விரிப்புகளைத் துவைத்து, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டாள். தரையைக் கழுவினாள். சுவரைத் துடைத்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மடித்த துண்டுகளின்மேல், காற்றில் பறக்காமலிருக்க, சாம்பல் நிறத்தில் பளிச்சென்று ஒரு கல்.

"இது என்னம்மா?"

"அதுதான்டி விழுந்துச்சு. கரி மாதிரி ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. கையில எடுத்தா கை கருப்பு, துணியில வெச்சா துணி கருப்பு. ரெண்டு தண்ணி விட்டுப் பார்த்தேன், போகலை. உருளை தேய்க்கிற கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துருக்கறை எடுக்கிற மருந்துல ஊற வெச்சேன். இப்ப பாரு, எப்படி இருக்கு."

எப்படி இருந்தது என்றால், எந்த மலையடிவாரத்திலும் கிடக்கிற கல் மாதிரி இருந்தது.

உடைந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சாம்பலுக்கு நடுவே உலோகப் பொட்டுகள் மின்னின. ஆஸ்பத்திரித் துணியில் ஊசி மாட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற காந்தம் மேசையில் கிடந்தது. அதைக் கல்லருகே கொண்டுபோனேன். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன், மறக்கவில்லை. விண்கல். காற்றைக் கிழித்துக்கொண்டு வரும்போது அதன் மேல்தோல் மட்டும் உருகிக் கருப்பாகப் படியும். அந்தக் கருப்புதான் அதன் பிறப்புச் சான்று. அதைத்தான் அம்மா கம்பி பிரஷ் போட்டு எடுத்திருந்தாள்.

கத்தினேன். வானத்திலிருந்து ஒரு பொருள் வந்து விழுந்திருக்கிறது, அதை ஊறவைத்துத் துவைக்கிற குடும்பம் உலகத்திலேயே இதுதான் என்று கத்தினேன். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். அம்மா கல்லை வாங்கி, ஒரு மூலையில் விட்டுப்போயிருந்த கருப்பை நகத்தால் சுரண்டப் பார்த்தாள். பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் பாய்லர் இன்ஸ்பெக்டர் வந்தார். எதிர்வரிசை பெயின்ட் கடைக்காரர் புகார் கொடுத்திருந்தார்: சலவைக்காரர்களின் பாய்லர் வெடித்துவிட்டது, தெருவே நடுங்கியது, எங்கள் உயிருக்கு யார் பொறுப்பு.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் மனதுக்குள் திட்டிவிட்டுப் போய்விடலாம். இவர் கண்ணால் பார்த்ததை வைத்துக் கணக்குப் போடுகிறவர். அவர் பார்த்தது புதுக் குழாய், புதுத் தகடு, துடைத்த சுவர், ஒட்டுப்போட்ட விரிப்பு. இப்படிக் கழுவித் துடைத்த இடத்தைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும். அழுத்தம் ஏறியதை அம்மா கவனிக்கவில்லை, குழாய் வெடித்தது, ஆள் வருவதற்குள் மறைத்துவிட்டார்கள்.

நான் விண்கல் என்றேன். அவர் என்னையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைதானே வருதுன்னு டிவியில சொல்றாங்க. உங்க வீட்டுக்கு மட்டும் முன்னாடியே வந்துடுச்சா?"

அது வேறு, இது வேறு என்றேன். அந்தப் பெரியதன் பாதை அளந்து வைத்திருக்கிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இத்தனை சின்னதை வருவதற்கு முன் பார்ப்பது கஷ்டம் என்றேன். அப்படியானால் துணி ஏன் பற்றி எரியவில்லை என்று கேட்டார். வானத்திலிருந்து வந்தால் நெருப்பாகத்தானே வரவேண்டும்? எரியாது என்றேன். மேல்தோல் சில நொடிதான் உருகும், உள்ளே காலங்காலமாகக் குளிரில் கிடந்த கல், கீழே வரவர வேகம் குறைந்து சாதாரணக் கல் மாதிரிதான் விழும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பாவிடம், "படிச்ச பொண்ணு, நல்லாப் பேசுது" என்றார். நன்றாகப் பேசுகிறது என்றால் ஒரு வார்த்தையும் நம்பவில்லை என்று அர்த்தம். இதைக் கல்லூரியிலேயே கற்றுக்கொண்டுவிட்டேன்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஏங்க, நீங்க ஒரு ஆம்பளை இருக்கும்போது பாய்லரை எதுக்கு இவங்க கையில குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"நானும் பரீட்சை எழுதினேன் சார்" என்றார் அப்பா. "எனக்குத் தேறலை."

பெரிய வால்வில் கம்பி சுற்றி ஈய முத்திரை வைத்தார். திங்கட்கிழமை அலுவலகத்தில் விசாரணை. அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்டதற்கும் தடயத்தை மறைத்ததற்கும் அம்மாவின் சான்றிதழை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று அவள் சொல்லவேண்டும். ரத்தானால் பாய்லர் எங்களுக்கு வெறும் இரும்பு. பச்சைக் கோடு வேறு இடத்துக்குப் போகும், மற்றவர்களும் பின்னாலேயே போவார்கள்.

அவர் போனபின் அம்மா முத்திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏன் இப்படித் துடைத்து வைத்தாய் என்று மறுபடி கேட்டேன். இந்தத் தடவை கத்தவில்லை.

"நீ படிச்சவ, உனக்குப் புரியாது" என்றாள். "ஆஸ்பத்திரித் துணியில ஒரு பொட்டு கறை தெரிஞ்சா, அது அவங்க வீட்டுக் கறைன்னு யாரும் சொன்னதில்ல. நம்ம கறைன்னுதான் சொல்லுவாங்க. எவனாவது வந்து பார்க்கறதுக்குள்ள எடுத்துடணும். எனக்கு அது கையில ஊறிப்போச்சு."

எனக்குப் புரிந்தது. அதனால்தான் கோபம் தலைக்கேறியது. பயந்து பயந்து வாழ்கிறவர்கள் தங்களுக்குச் சாதகமான சாட்சியையும் சேர்த்தே கழுவிவிடுகிறார்கள்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். கல்லை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, பல்கலைக்கழகத்துக் கல் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா இருந்தார். நரைத்த முடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருந்தார், கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. கல்லை வாங்கி ஜன்னல் பக்கம் போனார். கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார்.

"சோப்பு வாசனை வருதே?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். துருக்கறை மருந்து என்ற இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ தன் குழந்தையை அடித்துவிட்ட மாதிரி இருந்தது அந்த முகம்.

விண்கல்தான், சந்தேகமே இல்லை என்றார். என் மூச்சு திரும்பியது. உடனே மறுபடி நின்றது. ஏனென்றால் அவர் அடுத்துச் சொன்னது இது: வானத்திலிருந்து வந்தது என்று இந்தக் கல் சொல்லும். செவ்வாய்க்கிழமை வந்தது என்று சொல்லாது. மேல்தோல் புதுசாக இருந்திருந்தால் அதைப் பார்த்தே சொல்லலாம். இப்போது யாராவது, இது என்றோ விழுந்த கல், எங்கோ பொறுக்கி வந்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால், இல்லை என்று தன்னால் கையெழுத்துப் போட முடியாது. நுணுக்கமான சோதனைகள் இருக்கின்றன. முடிவு வர மாசக்கணக்கில் ஆகும்.

"திங்கட்கிழமைக்கு வேணும் மேடம்."

"அப்ப நீதான் தேடணும். அவ்வளவு பெரிய சத்தம் வந்ததுன்னா அது மேலேயே உடைஞ்சிருக்கு. உடைஞ்சா ஒரு துண்டு மட்டும் விழாது, ஊர்ல வேற எங்கேயோ கிடக்கும். கழுவாத ஒண்ணு கிடைச்சா எடுத்துக்கிட்டு வா. கையால தொடாதே. உங்க அம்மா பக்கத்திலயும் கொண்டு போகாதே."

வாசல் வரை வந்து, என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். எங்கே வேலை என்றார். அதையும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். அந்த ஆட்டத்துக்காக அவரை அப்போது பிடிக்கவில்லை.

ஊரெல்லாம் எங்கே போய்த் தேடுவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். வீடு வந்தபோது அப்பா, துவைக்காத மூட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. வண்டியைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் எந்த வீட்டுக் கதவையும் தட்டி, மொட்டை மாடிவரை போய் வரக்கூடியவர்கள் நாங்கள் மட்டும்தான். எங்களை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். பாதிப் பேர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அப்பாவோடு நானும் வண்டியில் ஏறினேன். மூட்டையைத் திருப்பித் தருகிற அவமானத்தை அவர் பார்த்துக்கொண்டார். கேள்வி கேட்பது என் வேலை. செவ்வாய்க்கிழமை காலையில் சத்தம் கேட்டதா? உங்கள் மாடியில் ஏதாவது விழுந்ததா?

முதல் கதவு அம்பு. கையில் கத்தரியோடு, கேட்டதே என்றார். பஸ் நிலையத்தில் டயர் வெடித்தது, அந்த டிரைவர்கள் காற்றே பார்க்கமாட்டார்கள் என்றார். நட்சத்திரத்துக்கும் கேட்டிருந்தது. தன் லாட்ஜ் தண்ணீர்த் தொட்டிதான் வெடித்துவிட்டது என்று நினைத்து பிளம்பரை வரவழைத்து ஒரு மணி நேரம் திட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கேட்டால் ஆக்சிஜன் சிலிண்டர் என்றார்கள். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. எல்லாரும் பழியைத் தூக்கிப் பக்கத்தில் யார் இளைத்தவனோ அவன்மேல் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். எங்கள் தெருவில் அந்த இளைத்தவர்கள் நாங்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பாய்லர் குழாய் உடைந்தால் நான்கு தெருவுக்குக் கேட்கலாம். ஊரின் மறுகோடி சலூனில் கண்ணாடி ஆடாது. அம்பு கண்ணாடி ஆடியதாகச் சொன்னார். தேவையானால் வந்து சொல்வதாகவும் சொன்னார். ஆனால் சத்தத்தைப் பையில் போட்டு விசாரணைக்குக் கொண்டுபோக முடியாது. கல் வேண்டும். மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறினேன். பறவை எச்சம், உடைந்த நாற்காலி, காய்ந்த தொட்டி, கல் இல்லை. அன்று அந்த விளையாட்டு மைதானச் சிறுகோள் எந்த வம்பும் செய்யாமல் பூமியைத் தாண்டிப் போனது. கீழே குனிந்து தேடிக்கொண்டிருந்ததில் நான் அதை மறந்தே போனேன்.

கடைசி மூட்டை ரெட்டை முடிச்சு. அந்த வார்டன் எங்களையே திருட்டுப்பயல்கள் மாதிரி பார்ப்பவர். தலையணை உறையைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். அப்பா கதவருகிலேயே நின்றுவிட்டார். நான் கேட்டேன்.

"விழுந்துச்சான்னா கேக்கற? எறிஞ்சாங்கம்மா" என்றார் வார்டன். பக்கத்தில் கட்டடம் கட்டுகிறார்கள். அந்த ஆட்கள் பெண்கள் விடுதி என்றும் பார்க்காமல் கல்லெறிந்து, மாடியிலிருந்த வெந்நீர்ச் சூரியத் தகட்டின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையிலேயே அந்த மேஸ்திரியோடு தெருவில் நின்று சண்டை போட்டாயிற்று, தெருவே கூடிவிட்டது. அவன் இல்லவே இல்லை என்று சாதிக்கிறான். விடுவேனா?

"அந்தக் கல்லை என்ன செஞ்சீங்க மேடம்?"

"என்ன செய்வேன்? போலீசுக்குக் குடுக்க வெச்சிருக்கேன். கைரேகை அழியக்கூடாதுன்னு இடுக்கியால எடுத்துப் பையில போட்டு, அலமாரியில வெச்சுப் பூட்டியிருக்கேன்."

திறந்து காட்டினார். பிளாஸ்டிக் பைக்குள், எலுமிச்சம்பழம் அளவில், அடுப்புக்கரி மாதிரி மங்கிய கருப்பில் ஒரு கல். மெல்லிய தோல், ஒரு முனையில் தோல் பெயர்ந்து உள்ளே சாம்பல் தெரிந்தது. யாரும் கழுவவில்லை. யாரும் தொடவில்லை. இந்த உலகத்தில் யாரையும் நம்பாத ஒரு மனுஷி என் அம்மாவுக்காக அதைப் பொத்திவைத்திருந்தார். அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன், பிடித்தால் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வாரே என்று விட்டுவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம்பியதும் முகத்தில் ஏமாற்றம்.

"அப்ப நான் யார் மேல கேஸ் போடறது?"

"வானத்து மேல போடுங்க மேடம்."

"கிண்டலா? மேஸ்திரிகிட்ட நான் போய் மன்னிப்பு கேக்கணுமா இப்போ?" என்று முணுமுணுத்தார். கல்லை என் கையில் மட்டும் கொடுக்கவில்லை. தன் கல், தானேதான் கொண்டுவருவேன் என்றார்.

அப்படித்தான் திங்கட்கிழமை காலையில் அந்த அலுவலகத்தின் குறுகலான அறையில் நாங்கள் ஒரு கூட்டமாகப் போய் உட்கார்ந்தோம். பெட்டியில் இருக்கிற நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு அப்பா, மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி வார்டன், அந்தப் பையை விட்டுக் கண்ணை எடுக்காத பூதக்கண்ணாடி அம்மா. அவர் சனிக்கிழமையே விடுதிக்கு ஓடிவந்து கல்லைப் பார்த்துவிட்டிருந்தார். வார்டன் பையைத் திறக்காமல் வெளியிலிருந்தே பார்க்க விட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டரும் அவருடைய மேலதிகாரியும். மேலதிகாரி சளி பிடித்த பெரியவர். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே கைக்குட்டை.

வார்டன் செவ்வாய்க்கிழமைச் சண்டையைச் சொன்னார். எப்போது, எந்தத் தெருவில், யார் முன்னால் என்று வரிசையாகச் சொன்னார். ஆராய்ச்சியாளர் இரண்டு கல்லையும் அருகருகே வைத்தார். கருப்புத் தோல் புதுசு, ஒரு மழைகூட அதன்மேல் பெய்யவில்லை என்றார். இரண்டும் உடைந்த இடத்தில் ஒரே மாதிரி இருக்கிறது, ஒரே உடம்பின் துண்டுகள் என்று சொல்லக் கையெழுத்துப் போடத் தயார் என்றார். ஊரின் இரண்டு கோடியில் ஒரே காலையில் விழுந்த இரண்டு கல். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். எங்கள் கல்லையும் கையில் எடுத்து, எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்தார். வியப்பில் அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது.

மேலதிகாரி அம்மாவைப் பார்த்தார். "எல்லாம் சரிம்மா. நீங்க தப்பே செய்யலைன்னா எதுக்காக எல்லாத்தையும் மாத்தினீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையில் கை வைத்தாள்.

"சுத்தம் பண்ணினேன் சார், மறைக்கலை" என்றாள். "மறைக்கணும்னா கல்லை எதுக்கு வீட்டுல வெச்சுக்கப்போறேன்? குழாய் உடைஞ்சதும் வால்வை மூடினேன், தீயை எடுத்தேன். அதுக்கப்புறம் செஞ்சது பயத்துல செஞ்சது. குழாயை உங்ககிட்ட கேக்காம மாத்தினது தப்பு. அதுக்கு என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். பாய்லரை நான் கவனிக்காம விட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க. அதை நான் கேட்டுக்க மாட்டேன்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் ஏறவில்லை. என் அம்மா ஒரு அதிகாரி முன்னால் 'மாட்டேன்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரோடு தாழ்ந்த குரலில் பேசினார். முடிவு இது: சான்றிதழ் அம்மாவிடமே இருக்கும். பாய்லரைத் தண்ணீர் அழுத்தத்தில் சோதித்துவிட்டு முத்திரையை எடுக்கலாம். அனுமதியில்லாமல் நீராவிக் குழாயை மாற்றியதற்கு ஒரு எச்சரிக்கை. எச்சரிக்கை என்றதும் எனக்கு ரத்தம் கொதித்தது. வெளியே வந்து அதைச் சொன்னேன். அம்மா நடந்துகொண்டே, "செஞ்சதுக்குத்தானே சொன்னாங்க. செய்யாததுக்குச் சொல்லலையே" என்றாள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு இன்னும் போதவில்லை. ஆனாலும் பஸ் நிறுத்தம்வரை அவள் கையை விடவில்லை நான்.

ஆராய்ச்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னும் துண்டுகள் கிடக்கும், மழைக்கு முன் எடுக்கவேண்டும், தன் மாணவர்கள் போனால் பாதி வீட்டில் கதவு திறக்கமாட்டார்கள் என்றார். ஒரு மாதத்துக்குச் சம்பளம் கொடுத்து ஒரு ஆள் வைத்துக்கொள்ளத் தன்னால் முடியும், அதற்குமேல் வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு மாதம்தானா என்று கேட்டேன். ஒரு மாதம்தான் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன். ஏற்கெனவே யோசித்துவிட்டிருந்தேன்.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் பம்போடு வந்தார். பாய்லருக்குள் தண்ணீரை ஏற்றி, அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்தபடி நின்றார். எங்கும் ஒரு சொட்டு கசியவில்லை. கம்பியை வெட்டி முத்திரையை எடுத்தார். போகும்போது அப்பா அடித்துவைத்த தகட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, உருளை இருக்கிற இடத்தையும் பார்த்தார். "நீங்க அப்ப இங்க நின்னிருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அப்பா, "டீ சாப்பிட்டுப் போங்க சார்" என்றார். நின்று சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அம்மா தீயைப் பற்றவைத்தாள். முள் அசையவே இல்லை என்று எனக்குத் தோன்றியது, அவள் அவசரப்படவில்லை. பச்சைக் கோட்டின் வண்டி அதற்குள்ளேயே வாசலில் வந்து நின்றது. ஒரு வாரத்து விரிப்பு மொத்தமும் அதில் மலையாகக் குவிந்திருந்தது. வேறு சலவைக்கூடத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம், ஊசியோடு திரும்பி வந்ததாம். டிரைவர் இறங்காமலேயே, சாயங்காலத்துக்குள் கிடைக்குமா என்று கேட்டார். நான் கூரியர் கம்பெனிக்கு வேலையை விடுகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மேனேஜர் காரணம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பாய்லர் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொல்லியிருப்பாள்.

"கிடைக்கும். மூட்டையை இறக்கச் சொல்லு."